தேக்குவாண்டோவும் ஹாப்கிடோவும்: முதல் வருஷத்தில் எதை, எவ்வளவு சேர்க்கலாம்?



பாலிக் புலாவில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தற்காப்பு வகுப்பு தொடங்கலாம் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "தேக்குவாண்டோ மட்டும் போதுமா? ஹாப்கிடோவையும் சேர்த்து ஒரே வகுப்பா நடத்தினா என்ன?" பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தீவின் இந்தப் பக்கத்திலிருந்து ஆயர் ஈத்தாமுக்கோ ஜார்ஜ்டவுனுக்கோ போக வேண்டுமானால் மலைச்சாலையில் வளைந்து வளைந்துதான் போகணும். இரண்டு வகுப்புக்கு இரண்டு தடவை பிள்ளையை ஏற்றி இறக்க யாருக்கு நேரம்? கட்டணமும் இரண்டு, உடுப்பும் இரண்டு. ஒரே இடத்தில், ஒரே மாலையில் இரண்டும் கிடைத்தால் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி கூடாது. முதல் வருஷத்தில் தேக்குவாண்டோதான் அடித்தளமாக இருக்க வேண்டும். ஹாப்கிடோவிலிருந்து இரண்டே இரண்டு விஷயம் எடுத்தால் போதும்: பத்திரமாக விழுவது, பிடியிலிருந்து கையை விடுவிப்பது. மணிக்கட்டை முறுக்குவது, மூட்டைப் பூட்டுவது, ஆளைத் தூக்கி எறிவது எல்லாம் பிறகு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இந்தப் பாடம்.

நான் மாஸ்டர் இல்லை. தேக்குவாண்டோவில் ஒன்றாம் டான், ஹாப்கிடோவில் இரண்டு வருஷப் பழக்கம், வெள்ளைப் பட்டைப் பிள்ளைகளோடு உதவிப் பயிற்றுநராக நின்ற அனுபவம். படிப்பது இயந்திரப் பொறியியல். அதனால் நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் வந்த வழி

தேக்குவாண்டோ நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி இந்தப் பெயர் முடிவானது. பெயருக்காக முன்னின்றவர் ஜெனரல் சோய் ஹோங் ஹி. அந்த சோய் 1962-இல் கொரியத் தூதராக நம் நாட்டுக்கே வந்தார். பகலில் தூதர் வேலை, மற்ற நேரமெல்லாம் தேக்குவாண்டோ. 1963-இல் இங்கே தேக்குவாண்டோ சங்கம் அமைந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் கேட்டுக்கொண்டதன்பேரில் மெர்டேக்கா அரங்கத்தில் செய்துகாட்டினார்கள். 1966 மார்ச் 22-இல் சியோலில் அனைத்துலகத் தேக்குவாண்டோ கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய ஒன்பது நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பின்னால் 1973-இல் இன்னோர் உலக அமைப்பு பிறந்தது. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் தேக்குவாண்டோ அந்த இரண்டாவது அமைப்பின் வழி. 1988 சியோலில் காட்சிப் போட்டி, 2000 சிட்னியிலிருந்து முழுப் பதக்கம். ஆக, நம் தாத்தா காலத்திலேயே இந்த மண்ணில் வேர் பிடித்த கலை இது. இன்று பள்ளிப் புறப்பாட நடவடிக்கையில்கூட இருக்கிறது.

ஹாப்கிடோவின் கதை வேறு மாதிரி. சினிமாவுக்கே எடுக்கலாம். சோய் யோங் சுல் என்பவர் சிறுவயதில் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே தாய்தோ-ரியூ என்ற ஜப்பானியப் பிடிக்கலையை அதன் தலைமை ஆசானிடமே பல வருஷம் கற்றதாக அவர் சொன்னார். அதை உறுதிசெய்யும் பதிவேடு இல்லை என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். போர் முடிந்து கொரியா திரும்பி, தேகு நகரில் பன்றி வளர்த்துப் பிழைத்தார். 1948-இல் ஒரு மதுவடிசாலைக்குப் பன்றித் தீவனத்துக்காகத் தானியச் சக்கை வாங்கப் போன இடத்தில் தகராறு. பல பேர் சுற்றிக்கொண்டார்கள், ஒவ்வொருவராக விழுந்தார்கள். வடிசாலை முதலாளியின் மகன் சோ போக் சப் மாடியிலிருந்து இதைப் பார்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவரே ஜூடோவில் கறுப்புப் பட்டை. இறங்கி வந்து, "எனக்குச் சொல்லித் தாங்க" என்று கேட்டு முதல் மாணவரானார். அடுத்த தலைமுறையில் ஜி ஹான் ஜே இந்தக் கலையைச் சியோலுக்குக் கொண்டுபோய், உதைகளையும் சேர்த்து, ஹாப்கிடோ என்ற பெயரைப் பரப்பினார். புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' பார்த்திருந்தால் அவரையும் பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. தேக்குவாண்டோ வகுப்பில் அடிக்கும்போது "கியாப்!" என்று கத்துகிறோமே, அது 'கி', 'ஹாப்' என்ற இரண்டு எழுத்து. 'கி' என்றால் உயிராற்றல், நம் பிராணன் மாதிரி வைத்துக்கொள்ளலாம். 'ஹாப்' என்றால் இணைவது. அதே இரண்டு எழுத்தைத் திருப்பிப் போட்டால் 'ஹாப்கி'. அதோடு 'டோ', வழி. அவ்வளவுதான் ஹாப்கிடோ. ஒரு கலையில் சத்தமாக வெளியே விடுவது, இன்னொரு கலையில் பெயராகவே நிற்கிறது.

"ரெண்டையும் கலக்கறது கலப்படம்" என்று சிலர் சொல்வதுண்டு. கொரியர்களே அப்படி நினைக்கவில்லை. தேக்குவாண்டோ பாடத்துக்குள்ளேயே 'ஹோசின்சுல்' என்று ஒரு தற்காப்புப் பகுதி இருக்கிறது. பிடி விடுதல், மூட்டு முறுக்கல் அதில் உண்டு. ஹாப்கிடோவிலும் உதை நிறைய. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவைதான். சேர்ப்பது சரியா தப்பா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

கால் தூரம், கை தூரம்

தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டாள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, இரவு இறங்கி நடக்க வேண்டிய பெண். "அண்ணா, நீங்க சொல்லித் தர உதை நல்லாத்தான் இருக்கு. ஆனா யாராவது திடீர்னு கையைப் பிடிச்சு இழுத்தா, அந்த நேரத்துல காலைத் தூக்க முடியுமா?"

நல்ல கேள்வி. தேக்குவாண்டோ கால் நீளத் தூரத்தில் வேலை செய்யும் கலை. ஆள் ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்கும்போது அதற்கு நிகர் இல்லை. ஆனால் போட்டி விதிகளைப் பாருங்கள்: எதிராளியைப் பிடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, ஒலிம்பிக் வகையில் முகத்தில் குத்தவும் கூடாது. விளையாட்டுக்கு இந்த விதிகள் தேவைதான். ஆனால் அதையே வருஷக்கணக்கில் பழகினவர்களுக்குச் சட்டையைப் பிடித்தவனிடம் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரியாது. ஹாப்கிடோ தொடங்குவதே அந்த இடத்தில்தான். யாரோ தொட்டுவிட்டார்கள், பிடித்துவிட்டார்கள், இனி என்ன?

நம்மவர்களுக்கு இது புதுப் பாகுபாடு இல்லை. குத்துவரிசை என்று அடிக்குத் தனி வரிசை, பிடிவரிசை என்று பிடிக்குத் தனி வரிசை நம் தமிழ்க் கலையிலேயே இருக்கிறது. சிலம்பத்தில் கம்பைக் கையில் தருவதற்கு முன்பே காலடி பழக்குவார்கள். கேரளத்துக் களரிப்பயட்டின் வரிசை இன்னும் தெளிவு: முதலில் மெய்த்தாரி, உடம்பைப் பழக்குவது. பிறகு கோல்தாரி, மரக்கோல். பிறகு அங்கத்தாரி, இரும்பு ஆயுதம். கடைசியில்தான் வெறுங்கை, பூட்டும் பிடியும் வர்மமும். வாளுக்கும் கேடயத்துக்கும் பிறகு வெறுங்கை! முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. யோசித்தால் புரியும். இன்னோர் ஆளின் மூட்டைக் கையில் எடுப்பதற்குமுன் தன் உடம்பு தன் சொல் கேட்க வேண்டும். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.

விழக் கற்பது

முதல் மூன்று மாதத்தில் ஹாப்கிடோவிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான். கொரிய மொழியில் 'நாக்போப்', விழும் முறை. இதைப் பற்றித்தான் நீளமாக எழுதப் போகிறேன். ஏன்னா இதுதான் எல்லாரும் தாண்டிப் போகிற பகுதி.

50 கிலோ எடையுள்ள ஒரு பையன் நின்ற இடத்திலிருந்து பின்னால் விழுகிறான் என்று வையுங்கள். அவன் உடம்பின் எடைமையம் ஏறக்குறைய தொப்புள் உயரம். அது 80 செண்டிமீட்டர் கீழே இறங்குகிறது. தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4 மீட்டர். உந்தம் 50 பெருக்கல் 4, அதாவது 200. இந்த 200-ஐ உடம்பு எப்படியாவது பூஜ்யமாக்கணும். நொடியில் நூற்றில் இரண்டு பங்கு நேரத்தில் சட்டென்று நின்றால் சராசரி விசை 10,000 நியூட்டன், ஏறக்குறைய ஒரு டன் எடை மேலே உட்கார்ந்த மாதிரி. அதே நிறுத்தத்தைப் பத்தில் ஒரு நொடிக்கு நீட்டினால் 2,000 நியூட்டன். விழுந்த உயரம் அதேதான், எடையும் அதேதான். நேரத்தை நீட்டியதால் மட்டும் விசை ஐந்தில் ஒன்றாகிவிட்டது. நிஜத்தில் கால் கொஞ்சம் தாங்கும், அதனால் எண்கள் குறையும். விகிதம் மாறாது.

அடுத்தது பரப்பளவு. பயந்து விழுகிறவன் என்ன செய்வான்? கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையை ஊன்றுவான். அத்தனை விசையும் ஒரு மணிக்கட்டு வழியாகப் போகும். மணிக்கட்டு முறிவுகளில் பெரும்பாலானவை இப்படிக் கையை ஊன்றி விழுந்ததால் வருபவை. விழக் கற்றவன் குந்தி, முதுகை வளைத்து, உருண்டு, பிட்டத்திலிருந்து தோள்வரை வரிசையாகத் தரையைத் தொடுவான். அதே நொடியில் இரண்டு கைகளையும், முழங்கையிலிருந்து உள்ளங்கைவரை முழுசாக, தரையில் அறைவான். அந்த அறை சத்தத்துக்காக இல்லை. விசையை வாங்கிக்கொள்ளும் பரப்பை அது கூட்டுகிறது, கை பின்னால் ஊன்றப் போகாமலும் தடுக்கிறது.

சொல்லித் தரும் முறை இப்படி. முதல் வாரம் யாரும் விழவே வேண்டாம். மல்லாந்து படுத்துக்கொண்டு தாடையை மார்போடு ஒட்டி, தன் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். பட்டையைப் பார்க்கும்வரை தலையின் பின்பக்கம் தரையில் மோதாது. இதைவிட முக்கியமான ஒரு வரி இந்தக் கட்டுரையில் இல்லை. அதே நிலையில் கைகளை மார்புக்கு மேல் குறுக்காகத் தூக்கி, உடம்பிலிருந்து 45 பாகை விலகலில் தரையில் அறைவது. கை தோள் உயரத்துக்குப் போனால் தோள்மூட்டு அடிவாங்கும், உடம்போடு ஒட்டினால் பரப்புக் கிடைக்காது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அறைய வேண்டும். இரண்டாம் வாரம் உட்கார்ந்த நிலையிலிருந்து, மூன்றாம் வாரம் குந்திய நிலையிலிருந்து. பிறகு பக்கவாட்டு விழுதல். நின்ற நிலையிலிருந்து விழுவது ஆறாம் வாரத்துக்கு முன்னால் வேண்டாம். முன்பக்க உருளல் அதற்கும் பிறகு.

கோயில் மண்டபத் தரை சிமெண்டோ ஓடோதான். அதன்மேல் நேராக விழப் பழக்குவது கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகள் விளையாட விரிக்கும் ஒரு செண்டிமீட்டர்ப் பாயும் போதாது. ஒன்றோடொன்று கோர்க்கும் ரப்பர்ப் பாயில் 4 செண்டிமீட்டர்த் தடிமன் கொண்டதாவது வேண்டும். பணம் முதலில் போக வேண்டியது இதற்குத்தான். உடுப்பு இரண்டு மாதம் கழித்து வாங்கலாம். வட்டக்கழுத்துச் சட்டையும் நீளக்காற்சட்டையும் போட்டுக்கொண்டு யாரும் விழக் கற்கலாம்.

ஒரு வகுப்பில் பார்த்தேன், இடம் வேண்டாம். மூன்றாவது வாரத்திலேயே பிள்ளைகளுக்குத் தோளுக்கு மேல் தூக்கி எறியும் வித்தையைக் காட்டினார்கள். காணொளிக்கு நன்றாக இருந்தது. விழத் தெரியாத 12 வயதுப் பையன் ஒருவன் கையை ஊன்றினான். ஆறு வாரம் மாவுக்கட்டு. எறிந்த பையனும் அவன் வயசுதான், அவன்தான் அதிகமாக அழுதான். இரண்டு பேருமே அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

விழுவது சண்டைக்கு மட்டும் உதவுகிற வித்தையும் இல்லை. மழைக்காலத்தில் நம் ஊரில் நடந்து பாருங்கள். நனைந்த கோயில் படி, டுரியான் தோட்டத்துச் சரிவு, பாசி பிடித்த வடிகால் ஓரம். வாழ்நாளில் ஒருவன் நம்மை அடிக்க வருவானோ மாட்டானோ, வழுக்கி விழுவது உறுதி.

பிடியை விடுவிப்பது

இரண்டாவது பாடம் இது. மூன்று மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம்.

ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கிறார். அவர் கையை ஒரு வளையமாகப் பாருங்கள். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். வளையம் மூடுகிற இடம் கட்டைவிரல் நுனியும் விரல் நுனிகளும் சந்திக்கும் இடைவெளி. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்த இடத்தில் உங்களைத் தடுப்பது ஒரு கட்டைவிரல்தான். நாம் செய்ய வேண்டியது மூன்று. கைவிரல்களை நன்றாக விரிக்க வேண்டும். ஹாப்கிடோவில் இதை 'உயிருள்ள கை' என்பார்கள். தொங்கும் கை இழுபடும், விரிந்த கை இறுகும். அடுத்து, மணிக்கட்டின் தட்டையான பக்கத்தைத் திருப்பி, ஒல்லியான ஓரத்தை அந்த இடைவெளிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். கடைசியாக, கையைப் பின்னால் இழுக்காமல், ஓரடி முன்னே வைத்து, நம் முழங்கையை அவர் முழங்கையை நோக்கித் தள்ள வேண்டும். கை தானாக மேலெழும்பி இடைவெளி வழியாக வெளியே வரும்.

முன்னே போவதுதான் எல்லாருக்கும் கஷ்டம். பயந்தால் உடம்பு பின்னால்தான் போகும். ஆனால் பின்னால் இழுத்தால் அது கயிறிழுக்கும் போட்டி. 48 கிலோ தங்கையும் 80 கிலோ ஆளும் கயிறிழுத்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னே போனால் கணக்கு மாறுகிறது. நம் முழு உடம்பின் எடை முன்கை என்ற நெம்புகோலின் வழியாக ஒரே ஒரு கட்டைவிரலின்மேல் இறங்குகிறது. ஆணி பிடுங்கும் சுத்தியலின் வேலைதான் இது. ஹாப்கிடோவின் மூன்று கொள்கைகளை இசைவு, வட்டம், நீரோட்டம் என்று தமிழில் சொல்லலாம். வெள்ளைப் பட்டைக்கு இதெல்லாம் தத்துவமாகச் சொன்னால் தூங்கிவிடுவான். இந்த ஒரு விடுவிப்பில் மூன்றும் இருக்கிறது: இழுக்கிற பக்கமே போகிறோம், கை வட்டமாகத் திரும்புகிறது, நிற்காமல் வழிந்து வெளியேறுகிறது.

சுவையான சங்கதி என்னவென்றால், தேக்குவாண்டோவிலேயே இது ஒளிந்திருக்கிறது. ஜெனரல் சோயின் வழியில் மூன்றாவதாகக் கற்கும் வடிவம் 'டோ-சான்'. கொரிய விடுதலைக்கும் கல்விக்கும் வாழ்க்கையைக் கொடுத்த ஆன் சாங் ஹோவின் (1878–1938) புனைபெயர் அது. மொத்தம் 24 அசைவு. நடுவில் விரல் நுனியால் குத்திவிட்டு, அந்தக் கையை உடம்போடு சேர்த்து முறுக்கி, சுழன்று, புறமுஷ்டியால் அடிப்போம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதை நடனம் மாதிரி செய்துவிட்டுப் போகிறார்கள். அந்த முறுக்கல், நீட்டிய கையை எதிராளி பிடித்துக்கொண்டால் விடுவித்துக்கொள்ளும் அசைவு. ஹாப்கிடோவில் பிடி விடுதலைப் பழகிய பிள்ளையிடம் டோ-சானைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், அந்த இடத்தில் அவன் கண் வேறு மாதிரி இருக்கும். இரண்டு கலையைச் சேர்ப்பதில் எனக்குத் தெரிந்த நல்ல பயன் இதுதான். ஒன்று மற்றதன் அர்த்தத்தைத் திறந்து காட்டுகிறது.

மோதும் இடங்கள்

எல்லாமே இப்படி இனிமையாகப் பொருந்தாது. தேக்குவாண்டோவில் ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு வேகமாகத் திரும்பணும். பல நூறு தடவை செய்து அது பழக்கமாகிவிடும். அதே பிள்ளையின் கையை ஒருவர் பிடித்தால் உடம்பு தானாகக் கையை இடுப்புக்கு இழுக்கும். அதாவது, மேலே வேண்டாம் என்று சொன்ன அதே கயிறிழுப்பு. நிற்கும் விதமும் வேறு. இங்கே நீளமான உறுதியான நிலை, அங்கே நடக்கும்போது நிற்கிற மாதிரி இயல்பான நிலை. புதிதாக வந்தவனிடம் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னால் கால் குழம்பிவிடும். உதைக்கும்போது ஊன்றிய பாதம் திரும்பாமல் நின்றால் முறுக்கல் முழுவதும் முழங்காலுக்குப் போகும். சுழற்றி உதைக்கும் உதையில் இதுதான் பெரிய ஆபத்து. அந்தப் பாதத் திருப்பம் பழக்கமாகும்வரை வேறு கால்வேலையைத் தலையில் ஏற்றக் கூடாது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒரே வரி: "தொடாதவரை தேக்குவாண்டோ, தொட்டுட்டா ஹாப்கிடோ." எப்போது எந்தப் பழக்கம் எழ வேண்டும் என்பதற்குத் தொடுதல்தான் மணி. பிடி விடுதலைப் பழகும்போது எப்போதும் நடந்துகொண்டிருக்கும் நிலையிலிருந்தே தொடங்கச் சொல்வேன், தேக்குவாண்டோ நிலையிலிருந்து இல்லை. விடுபட்டவுடன் இரண்டடி விலகி, கையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு கியாப். அங்கே மறுபடியும் தேக்குவாண்டோ தூரம் கிடைத்துவிடுகிறது. தேவைப்பட்டால் ஒரு முன்னுதை, இல்லாவிட்டால் ஓட்டம். ஓட்டம்தான் சிறந்தது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும்.

நேரப் பங்கீடும் முக்கியம். ஒன்றரை மணி நேர வகுப்பில் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கல், உடனே இருபது நிமிஷம் விழுதல். களைத்தபின் கழுத்து தளர்ந்துபோகும், பட்டையைப் பார்க்க மறந்துபோகும், அதனால் விழுதலைக் கடைசியில் வைக்கக் கூடாது. பிறகு முக்கால் மணி நேரம் தேக்குவாண்டோ. தண்ணீர் குடிக்க ஓர் இடைவேளை விட்டு, கடைசிக் கால் மணி நேரம் பிடி விடுதல். அந்த இடைவேளை தாகத்துக்கு மட்டுமில்லை. ஒரு பாடம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

தேக்குவாண்டோவையே அடித்தளமாக வைக்கச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மண்டபத்தில் இருபது பிள்ளைகள், ஒரு மாஸ்டர். இருபது பேர் வரிசையாக நின்று உதைத்தால் ஒரு பார்வையிலேயே யார் பாதம் திரும்பவில்லை என்று பிடித்துவிடலாம். அதே இருபது பேரைப் பத்து ஜோடியாக்கி மணிக்கட்டுப் பூட்டு போடச் சொன்னால் பத்து ஜோடிக்கும் ஒவ்வொரு கண் வேண்டும். பூட்டு விழுந்து வலி தெரிவதற்கும் காயம் ஆவதற்கும் நடுவில் இருப்பது ஒரு நொடிகூட இல்லை.

பூட்டுகள் எப்போது?

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அது சுற்றியுள்ள தசைநார்களைவிடப் பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் முறுக்கல், பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாகப் போகலாம். எலும்பு கோணலாக வளரும் ஆபத்தும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 வயதுக்குள்ளும் ஆண் பிள்ளைகளுக்கு 15 முதல் 17-க்குள்ளும் இந்தத் தட்டுகள் மூடிக்கொள்கின்றன. அதனால் முழு விசையோடு பூட்டும் எறிதலும் 16 வயதுக்குமேல், அதுவும் பச்சைப் பட்டைக்குப் பிறகு என்பது என் கருத்து. எங்கள் அக்கா ஒருவர், செவிலியர், "பதினெட்டுன்னு போடு" என்கிறார். அவர் பார்க்கிற எக்ஸ்ரே அப்படி.

தொடங்கும்போதும் முதலில் கற்க வேண்டியது பூட்டைப் போடுவது இல்லை, தட்டுவது. வலிக்கிறது என்றால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தடவை தட்டணும், தட்டிய நொடியே விட்டாகணும். விடாதவனை அன்றைக்கு ஓரமாக உட்கார வைக்க வேண்டும், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரி.

பெற்றோரும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஆறு மாசத்தில் உங்கள் மகள் யாரையும் வீழ்த்துவாள்" என்று விளம்பரம் செய்கிற வகுப்பை நம்பாதீர்கள். வாரம் ஒருநாள் பழகி ஆறு மாதத்தில் வளர்ந்த ஓர் ஆளை மணிக்கட்டைத் திருகி மண்டியிட வைக்க யாராலும் முடியாது. முடியும் என்று நம்பி நிற்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம், ஏன்னா அது ஓடாது. ஆறு மாதத்தில் நிஜமாகக் கிடைக்கக்கூடியவை வேறு: தலை அடிபடாமல் விழலாம், ஒற்றைக் கைப்பிடியிலிருந்து பெரும்பாலும் விடுபடலாம், பயத்திலும் குரல் எழும்பும், ஓடுவதற்கு மூச்சு இருக்கும்.

ஆக, எந்த வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னும் மாஸ்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பாய் எத்தனை செண்டிமீட்டர்? முதல் எறிதல் எந்த மாதம்? பிள்ளைகளுக்கு மூட்டுப் பூட்டு உண்டா? இரண்டு கலையையும் சொல்லித் தருவதாகச் சொன்னால், இரண்டிலும் யாரிடம், எத்தனை வருஷம் பழகினார்? நல்ல மாஸ்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், உட்கார வைத்துப் பேசுவார். நம் வகுப்பு தொடங்கும் நாளில் என்னிடமும் கேளுங்கள். பாய் வந்து சேரும்வரை வெறும் தேக்குவாண்டோதான், ஒரு பிள்ளையும் விழப் போவதில்லை.